ஈசிஜி நார்மல், அப்புறம் எதற்கு ஹோல்டர்? இதயக் கண்காணிப்பு டெக்னீஷியனின் வேலை

2025 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்திலிருந்து மாரடைப்பு மரணச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. இறந்தவர்களில் இளம் வயதினரும் இருந்தார்கள். பெங்களூர் பன்னர்கட்டா சாலையில் உள்ள ஜெயதேவா இதய மருத்துவமனையில் காலையிலேயே கூட்டம் சேர ஆரம்பித்தது. கர்நாடக அரசு அமைத்த நிபுணர் குழு, மரணங்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூடவில்லை என்று பிறகு சொன்னது. ஆனால் பயம் அறிக்கை படித்துவிட்டு வருவதில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஓசூர் என்று எந்தப் பக்கத் தமிழ்க் குடும்பமாக இருந்தாலும், நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றால் 'ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்' என்பது பழக்கமாகிவிட்டது.

எடுத்த பிறகுதான் குழப்பம். "ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு 24 மணி நேரம் இந்த ஹோல்டர் பெட்டிய மாட்டிக்கிட்டு இருக்கணும்?" இது ஒரு கேள்வி. "ஐசியூவில அப்பா தலைமாட்டில அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாருமே ஓடி வரலையே?" இது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே ஆளின் வேலையில் இருக்கிறது. அவர் டாக்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை ஈசிஜி டெக்னீஷியன், கார்டியாக் டெக்னீஷியன், மானிட்டர் டெக்னீஷியன் என்று அவருக்குப் பெயர் மாறும்.

எதை அளக்கிறார்கள்

வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் ஒரு இணைப்பு, பெஸ்காம் கரண்ட் இன்னொரு இணைப்பு. இதயத்திலும் அப்படி இரண்டு உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. துடிக்கச் சொல்லும் மின்சாரம் தாறுமாறானால் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடும். அது திடீர் இதய நிறுத்தம். செய்திகளில் இரண்டையும் 'ஹார்ட் அட்டாக்' என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். முதலாவது இரண்டாவதைக் கிளப்பிவிடலாம். மாரடைப்பு வந்தவர் மருத்துவமனைக்கு வரும் முன்பே இறப்பதற்குப் பெரும்பாலும் இந்த மின்கோளாறுதான் காரணம். முதலாவது இல்லாமலே இரண்டாவது தனியாக வருவதும் உண்டு.

கண்காணிப்பு டெக்னீஷியன் பார்ப்பது மின்சாரப் பக்கத்தை. மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவும்போது ஈசிஜி தாளில் சின்ன மேடாக விழுவது பி அலை. கீழறைகளில் பாயும்போது ஊசிபோல எழுவது க்யூஆர்எஸ். கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது வருவது டி அலை.

தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும். நான்கு கட்டம் என்றால் 75. சாதாரணமாக க்யூஆர்எஸ் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். அகன்ற ஊசிகள் வேகவேகமாக வந்தால் டெக்னீஷியன் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது முதல் கேள்வி. வழக்கமான 12 லீட் ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்சாரத்தை 12 கோணங்களில் பார்ப்பது, பதிவு செய்வது 10 நொடி. ஒரு நாளில் 86,400 நொடி. அதாவது நார்மல் என்று கையில் கொடுக்கப்பட்ட தாள், அந்த நாளின் 8,640 துண்டுகளில் ஒன்று. வாரத்துக்கு இருமுறை வந்து அரை நிமிடத்தில் அடங்கிவிடும் படபடப்பு அந்தத் துண்டில் மாட்டுவது அதிர்ஷ்டம். அதற்காகத்தான் ஹோல்டர். அதேபோல, நார்மல் ஈசிஜி 'குழாயில் அடைப்பு இல்லை' என்பதற்கும் உத்தரவாதம் ஆகாது. மாரடைப்பின் ஆரம்ப நிமிடங்களிலேயே முதல் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். நெஞ்சுவலி தொடர்ந்தால் திரும்பத் திரும்ப எடுப்பது அதனால்தான். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒரே லீட் ஈசிஜிதான் எடுக்கிறது. மேலறை நடுக்கம் என்கிற ஏஎஃப் இருந்தால் காட்டிக்கொடுக்கலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது.

ஒரே பெயரில் மூன்று வேலை

1. ஈசிஜி எடுப்பவர். புறநோயாளிப் பிரிவிலும் வார்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி, பதிவு எடுத்து, டாக்டருக்கு அனுப்புவார். டிஎம்டி எனும் ட்ரெட்மில் சோதனையிலும் இவரே பக்கத்தில் நிற்பார்.

2. மானிட்டர் பார்ப்பவர். சிசியூ என்கிற இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, கோட்டை ஒயர் இல்லாமல் திரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி வார்டிலோ பல படுக்கைகளின் கோடுகளும் ஒரே திரையில் ஓடும். ஷிப்ட் முழுக்க அதன் முன்னால் உட்காருவது இவர் பொறுப்பு. அமெரிக்காவில் இது தனி உத்தியோகம். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் சிசியூ சிஸ்டரே மற்ற வேலைகளோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

3. ஹோல்டர் அலசுபவர். நோயாளி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பிய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, துடிப்பு துடிப்பாகத் தரம் பிரிப்பார்.

மூன்று பேரும் நோய் இன்னது என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. "என்னங்க இருக்கு?" என்று கேட்டால் "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்று நழுவுவது மரியாதைக் குறைவு இல்லை, அந்த வேலையின் எல்லை அதுதான்.

ஹோல்டர் என்பது கருவியை உருவாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் நார்மன் ஹோல்டரின் பெயர். 1940களில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டும், எடை சுமார் 38 கிலோ. இன்று அந்த வேலையைச் செய்யும் பட்டை ஸ்டிக்கர் நெஞ்சில் ஒட்டியிருப்பதே சட்டைக்கு வெளியே தெரியாது. கருவி இவ்வளவு சுருங்கியும் அதைப் படிக்கும் ஆளின் வேலை மட்டும் பெருகித்தான் இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டுவதில் என்ன இருக்கிறது

நிறையவே இருக்கிறது. 12 லீட் ஈசிஜிக்கு 10 எலக்ட்ரோடுகள்: கைகால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு. நெஞ்சில் முதல் இரண்டும் மார்பெலும்பின் இரு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். அவசரத்தில் கண்மதிப்பாக ஒட்டினால் அவை இரண்டு விரற்கடை மேலே போய்விடும். அப்படிப் போனால், வராத மாரடைப்பு எப்போதோ வந்துபோனது போன்ற கோலம் தாளில் விழலாம். ஆரோக்கியமான ஆள் 'பழைய அட்டாக்' பட்டத்தோடு எக்கோ ஸ்கேனுக்கும், குழாய் விட்டு அடைப்பு பார்க்கும் கேத் லேபுக்கும் அலைய அதுவே போதும். கழுத்துக்குக் கீழே மார்பெலும்பில் தட்டுப்படும் மேட்டைத் தொட்டு, அதை ஒட்டிய இரண்டாவது விலாவிலிருந்து கீழே எண்ணி வருபவர்தான் தொழில் தெரிந்தவர். விரலால் எண்ணுகிறாரா என்று நோயாளியே கவனிக்கலாம்.

நிறக் குழப்பம் வேறு. ஐரோப்பிய முறைக் கருவியில் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கருப்பு. சில்க் போர்டு சிக்னலில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு இந்த வரிசை மறக்காது. அமெரிக்க முறையில் வலது கை வெள்ளை, இடது கை கருப்பு, சிவப்பு இடது காலுக்குப் போய்விடும். ஒரே மருத்துவமனையில் இரண்டு வகைக் கருவியும் இருக்கலாம். இரு கை ஒயரும் இடம் மாறினால் முதல் லீட் தலைகீழாகும், இதயம் வலப்பக்கம் இருப்பவர் போலத் தோன்றும். நல்ல டெக்னீஷியன் தாளை டாக்டரிடம் கொடுக்கும் முன்பே இதைப் பிடித்து, மாற்றி மாட்டி, திரும்ப எடுத்துவிடுவார். அப்படித் திருத்திய தவறு எந்தக் கணக்கிலும் ஏறாது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். கூச்சம் கருதிப் புடவைக்கு மேலாகவே தோராயமாக ஒட்டுவது இருவருக்கும் சௌகரியம், ஆனால் பதிவுக்குக் கேடு. பெண் டெக்னீஷியனும் திரைச்சீலையும் வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் கிடைக்கும்.

அலாரம் அடித்தும் ஏன் யாரும் ஓடி வருவதில்லை

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வது இந்தப் பகுதியைத்தான். ஆபத்தான கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் மானிட்டர் வேலையில் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். கீழறை தாறுமாறாக நடுங்கும் விஎஃப் கோட்டை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். கஷ்டம் அதைப்போலவே வேஷம் போடும் மற்றதையெல்லாம் ஒதுக்குவதில். மருத்துவக் கருவிகளின் அலாரங்களில் 72 முதல் 99 சதவீதம் வரை பொய்யானவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. புலி வருது கதைதான். கேட்டுக் கேட்டு காது மரத்துப்போவதற்கு 'அலாரம் களைப்பு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நோயாளிகள் உயிரிழந்த சம்பவங்களைச் சுட்டிக்காட்டி அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் மருத்துவமனைகளுக்குத் தனி எச்சரிக்கையே விட்டது.

கருவி ஏமாறும் இடங்கள்:

1. நோயாளி பல் துலக்குகிறார். கை ஆட்டத்தில் கோடு அகன்று வேகமாக ஓட, கருவி அதை விடி என்று அலறும். விடி என்றால் கீழறையிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ துடிப்புகள் தொடர்ச்சியாக, வேகமாக வருவது, உடனே கவனிக்க வேண்டியது. டெக்னீஷியன் அடுத்த லீடைப் பார்ப்பார், அதில் சாதாரண ஊசிகள் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப்பின் அலையும் நிதானமாக இருக்கும்.

2. பார்க்கின்சன் நோயாளியின் கைநடுக்கம். மேலறைக் கோளாறு போலவே பற்பற்களாக விழும்.

3. உயரமான டி அலை. கருவி அதையும் ஒரு துடிப்பாக எண்ணி, 70-ஐ 140 என்று காட்டும்.

4. குட்டையான ஊசிகள். கருவிக்கு அவை கண்ணில் படாமல் போய், 'இதயம் நின்றுவிட்டது' என்று சிவப்பு விளக்குப் போடும். ஓடிப்போய்ப் பார்த்தால் பெரியவர் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

5. பேஸ்மேக்கர். இந்தப் பட்டியலில் இது மட்டும் எதிர்த்திசையில் ஏமாற்றும். இதயம் பதில் கொடுக்காவிட்டாலும் பேஸ்மேக்கர் மின்குத்து அனுப்பிக்கொண்டே இருக்கும், கருவி அதைத் துடிப்பாக எண்ணிச் சும்மா இருந்துவிடலாம். அலாரமே வராது.

கடைசியில் சொன்ன 'வராத அலாரம்' ரகத்தில் இன்னொன்று உண்டு. என் கணிப்பில் அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பல மானிட்டர்களில் அலாரம் மூன்று தரம்: உயிராபத்துக்குச் சிவப்பு, கவனிக்கச் சொல்ல மஞ்சள், ஸ்டிக்கர் கழன்றது, பேட்டரி தீர்கிறது போன்ற கருவிச் சங்கதிகளுக்கு மூன்றாவதாக ஒரு நிறம். 'லீட் ஆஃப்' என்பது அந்த மூன்றாவது ரகம். மெல்லிய சத்தத்தில் 'டிங்' என்னும். ஆனால் ஒயர் கழன்ற படுக்கையில் இதயம் நின்றாலும் சிவப்பு அலாரம் அடிக்க வழியே இல்லை. எதைப் பார்த்து அடிப்பது? ஆக, மிகச் சன்னமாகக் கூப்பிடும் அலாரம், அந்தப் படுக்கையை இப்போது யாருமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று சொல்கிறது. வியர்வையில் ஸ்டிக்கர் நழுவுவது, ஜெல் காய்ந்துபோவது, நோயாளி பாத்ரூம் போக அவரே கழற்றுவது எல்லாம் தினசரி நடப்பவை. ரோமத்தை மழித்து, தோலைத் துடைத்து உலர்த்தி ஒட்டி, தினமும் புது ஸ்டிக்கர் மாற்றினாலே பொய் அலாரங்கள் கணிசமாகக் குறையும். இந்தச் சாதாரண வேலைக்கு ஆள் இல்லாத இடத்தில் விலை உயர்ந்த மானிட்டர் வாங்கி மாட்டுவதில் அர்த்தமில்லை.

வரம்பு வைப்பதும் முக்கியம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தூக்கத்தில் 48 என்பது வழக்கமாக இருக்கலாம். அலாரம் வரம்பு 50-லேயே இருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும். டாக்டரைக் கேட்டு அந்த ஆளுக்கேற்ப வரம்பை இறக்கினால் அமைதி. யாரையும் கேட்காமல் ஒட்டுமொத்தமாகச் சத்தத்தை அணைத்துவிடுவது வேறு. கூட இருக்கும் உறவினர் தூக்கம் கெடுகிறது என்று பட்டனை அமுக்குவதும் அந்த ரகம்தான்.

அலாரம் உண்மையானது என்று முடிவானால் கணக்கு மாறிவிடும். விஎஃப்-ல் ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. டெக்னீஷியன் கண்டுபிடித்து, போன் எடுத்து, படுக்கை எண் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, கோட் ப்ளூ எனும் அவசர அழைப்பைக் கொடுத்து, ஆட்கள் ஓடி வரும்வரை எல்லாம் அந்த நிமிடங்களுக்குள். 12-ஆம் படுக்கைக்காரரை மதியம் 14-க்கு மாற்றிவிட்டு, திரையில் பெயரை மாற்ற மறந்திருந்தால்? சரியாகப் படித்த கோடு தவறான ஆளிடம் ஓட வைக்கும். அதனால் ஷிப்ட் மாறும்போது படுக்கை வாரியாக ஹேண்டோவர் கொடுப்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது.

ஒரு லட்சம் துடிப்பும், 'மயக்கம்' என்ற ஒரு சொல்லும்

நிமிடத்துக்கு 70 என்றால் 24 மணி நேரத்தில் 1,00,800 துடிப்பு. 14 நாள் பட்டை என்றால் 14 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றாக மனிதர் பார்க்க முடியாது. மென்பொருள் ஒரே சாயலில் உள்ள துடிப்புகளைக் குவியல் குவியலாகப் பிரித்து, இது சாதாரணம், இது மேலறையிலிருந்து வந்தது, இது கீழறையிலிருந்து வந்தது என்று பெயர் ஒட்டிக் கொடுக்கும். டெக்னீஷியன் ஒவ்வொரு குவியலையும் திறந்து, தவறான இடத்தில் விழுந்ததை எடுத்து மாற்றுவார். மூன்று நொடிக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் அது உண்மையான நிறுத்தமா, ஒயர் ஆடியதா என்று பார்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்குத் துடிப்பு 45-க்கு இறங்கியிருந்தால் பதறமாட்டார், தூக்கத்தில் அது சகஜம். கடைசியில் டாக்டர் பார்க்க வேண்டிய சில துண்டுகளை மட்டும் எடுத்து வைப்பார். செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்த வேலை போய்விடும் என்கிறார்கள். பெயர் ஒட்டும் பகுதி ஏற்கெனவே மென்பொருளின் கைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது சந்தேகத்துக்குரியதைத் தீர்ப்பது. அது லேசில் போகாது.

ஹோல்டரோடு ஒரு டைரித் தாளும் கொடுப்பார்கள். எந்த நேரத்தில் என்ன தொந்தரவு என்று எழுத வேண்டும். பெங்களூரில் இங்கே மொழிச் சிக்கல் ஒன்று குறுக்கே வரும். தமிழில் 'மயக்கம்' என்றால் தலை கிறுகிறுத்ததும் மயக்கம், நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம். மருத்துவத்தில் இரண்டும் வெகுதூரம். கன்னடமோ மலையாளமோ பேசும் டெக்னீஷியன் மொழிபெயர்த்து எழுதும்போது எது பதிவாகிறது என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம். தமிழ் தெரிந்தவர் இருந்தால் இப்படிக் கேட்பார்: "அம்மா, மயக்கம்னா கீழ விழுந்துட்டீங்களா, இல்ல தலை மட்டும் சுத்துச்சா? பக்கத்துல பேசினது காதுல விழுந்துச்சா?" இந்த மூன்று கேள்விக்கான பதில், சில சமயம் பதிவில் உள்ள கோட்டைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லிவிடும்.

படிப்பும் சட்டமும்

பெங்களூர் ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கார்டியாக் கேர் டெக்னாலஜி உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி. ஓராண்டு ஈசிஜி, ட்ரெட்மில் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. பட்டம் படித்தவரும் சான்றிதழ் படித்தவரும் ஒரே வேலையில் உட்காருவது நெடுநாளாக நடந்துவருகிறது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று நோயாளிக்குத் தெரியாது.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 2021-ல் தேசிய இணைநிலை சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் வந்தது. இணைநிலை சுகாதாரத் தொழிலர் என்ற பெயருக்கு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அட்டவணையில் இதய டெக்னாலஜிஸ்டுகளும் இருக்கிறார்கள். மாநில அளவில் பதிவேடு முழுமையாக ஓடத் தொடங்கும்போது, பழைய குறுகிய படிப்புக்காரர்களின் நிலை என்ன என்பது மருத்துவமனைகளில் பெரிய பேச்சாக இருக்கும். இப்போது சேர நினைக்கும் பிள்ளைகள் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்ப்பதைவிட, படிப்பு எத்தனை மணி நேரம், எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று கேட்பது நல்லது.

வேலையும் இடம் மாறுகிறது. கர்நாடக அரசு தொடங்கிய டாக்டர் புனித் ராஜ்குமார் ஹ்ருதய ஜோதி திட்டத்தில், தாலுகா மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி இணையம் வழியாக மையத்துக்குப் போகிறது. மாரடைப்பு உறுதியானால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியை அங்கேயே போடலாம். 2021 அக்டோபர் 29-ல் 46 வயதில் இறந்த கன்னட நடிகரின் பெயர் அதற்கு. இந்த ஏற்பாடு முழுவதும், ஏதோ ஒரு தாலுகாவில் நான்காவது விலா இடைவெளியைச் சரியாக எண்ணிய ஒருவரை நம்பித்தான் ஓடுகிறது. வெளிநாட்டு நோயாளிகளின் பதிவுகளை இங்கிருந்தே ராத்திரி ஷிப்டில் அலசும் வேலைகளும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையின் பகல் நமக்கு ராத்திரி. நெஞ்சு அங்கே துடிக்க, கண் இங்கே விழித்திருக்கும்.

ஹோல்டர் மாட்டிக்கொள்பவருக்கு

1. மாட்டும் முன் குளித்துவிட வேண்டும், நெஞ்சில் எண்ணெய், பவுடர், விபூதி வேண்டாம். மாட்டிய பிறகு, நனையக் கூடாத கருவியாக இருந்தால், கழற்றும்வரை குளியல் இல்லை.

2. வழக்கமான வேலைகளை விடக் கூடாது. எந்த வேலையில் படபடப்பு வந்ததோ அதைச் செய்தால்தான் பிடிபடும். பயந்து 24 மணி நேரமும் படுத்துக்கிடந்தால் படுத்துக்கிடந்த இதயத்தின் பதிவுதான் கிடைக்கும்.

3. ஸ்டிக்கர் கழன்றால் அதே இடத்தில் அமுக்கி ஒட்டிவிட்டு, நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

4. தொந்தரவு வரும்போது கருவியில் பட்டன் இருந்தால் அமுக்கலாம். டைரியில் 'மதியம்' என்று எழுதினால் போதாது, '2.40' என்று எழுத வேண்டும். வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடினால் டெக்னீஷியன் அந்தப் படபடப்பைப் பத்து நிமிடம் தள்ளித் தேடுவார். கருவியின் கடிகாரத்தில் இப்போது மணி என்ன என்று மாட்டும்போதே கேட்டு, கைபேசியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.